டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்

பழைய கார் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிஸ்ட்ரிபியூட்டர் பற்றித்தான், அதாவது நேரம் பார்த்து ஒவ்வொரு சிலிண்டரின் ப்ளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம். கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி எழுதியதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டதில் பெரும்பங்கு அதிலேயே அடங்கிவிடும். மிச்சத்தைக் கடைசியில் சுருக்கமாகப் பார்ப்போம்.

கேள்வி: எங்கள் ஐயா பினாங்கிலிருந்து திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த 1964 எம்.ஜி.பி. கார், இருபது வருடத்துக்கு மேலாகக் கொட்டகையில் கிடந்தது. என் தம்பி மகன் டேங்கைக் கழுவி, இரண்டு எஸ்.யு. கார்புரேட்டரையும் சுத்தம் செய்து, புது ப்ளக் போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டான். ஆனால் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திணறுகிறது, சைலன்சரில் வெடிக்கிறது. டைமிங் லைட் (பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) அடித்துப் பார்த்தால் கப்பியின் கோடு ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறது. மதுரையில் ஒரு மெக்கானிக், "அந்த டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு அம்பாசிடருடையதை மாட்டுங்கள்" என்கிறார். மாட்டலாமா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: மாட்ட வேண்டாம் ஆச்சி. பழையதைக் கையில் வைத்திருங்கள், அதைச் சரிசெய்துவிடலாம்.

அந்த மெக்கானிக் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினும் உங்கள் எம்.ஜி.யின் 1798 சி.சி. எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். டிஸ்ட்ரிபியூட்டரும் வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். அந்த ஓட்டையில் உட்காரும், வண்டியும் ஓடும். ஆனால் உள்ளே இருக்கும் வெயிட்டும் ஸ்பிரிங்கும் வேறு. வேகம் கூடக்கூட எத்தனை டிகிரி முன்னால் பொறி விழ வேண்டும் என்பதை முடிவு செய்வது அவைதான். அம்பாசிடர் குறைந்த கம்ப்ரஷனில் நிதானமாக ஓடப் பிறந்த எஞ்சின். உங்களுடையது 8.8-க்கு 1 கம்ப்ரஷன், இரட்டைக் கார்புரேட்டர். ஐயா இவ்வளவு தூரம் கப்பலேற்றிக் கொண்டுவந்தது எதற்காகவோ, அந்தப் பாய்ச்சல் போய்விடும். நான் அப்படி மாற்றிய இரண்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நாற்பதுக்கு மேல் போனதும் யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல இருந்தது.

இப்போது நோய்க்கு வருவோம். "கோடு ஆடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். டைமிங், அதாவது பொறி விழும் நேரம், மட்டும் தப்பாக இருந்தால் கோடு தப்பான இடத்தில் நிற்கும், ஆனால் நிற்கும். ஆடினால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தேய்மானம் இருக்கிறது என்று பொருள். தேய்ந்ததைச் சரிசெய்யாமல் டைமிங் வைப்பது, ஆடுகிற ஏணியில் நின்றுகொண்டு மட்டம் பார்ப்பது மாதிரி.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் 8000 பொறி வேண்டும். நொடிக்கு 133. ஒவ்வொரு பொறியும் சிபி பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் முனைகள்) திறக்கும் அந்தக் கணத்தில் விழுகிறது. பாயிண்ட் முழுதாகத் திறந்தால் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்தான். நடுவில் நிற்கும் தண்டு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் ஆடினாலே அந்த இடைவெளியில் கால் பங்கு போய்விடுகிறது. நாலு சிலிண்டருக்கும் நாலு விதமான டைமிங். எஞ்சின் திணறாமல் என்ன செய்யும்?

தம்பி மகனிடம் சொல்லி முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். கேப்பை (மேல் மூடியை) கழற்றி, தண்டின் தலையில் சுற்றும் ரோட்டரை இரண்டு விரலால் பிடித்து, தண்டைப் பக்கவாட்டில் தள்ளி இழுக்க வேண்டும். விரலுக்கு ஆட்டம் தெரிந்தால் புஷ், அதாவது தண்டைத் தாங்கும் வளையம், போய்விட்டது. அப்புறம் ரோட்டரைச் சுற்றும் திசையில், அதாவது மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், கொஞ்சம் திருகி விட வேண்டும். தானாகத் திரும்பி வர வேண்டும். வராமல் நின்றால் வெயிட்டுகள் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இருபது வருடம் கொட்டகையில் கிடந்ததென்றால் இரண்டுமே இருக்கும்.

கழற்றும்போது ஒரு விஷயம். டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தைப் பிடிக்கும் தகட்டில் ஒரு இறுக்கு போல்ட் இருக்கும். அதைத் தொடக் கூடாது. தகட்டை எஞ்சினோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டை மட்டும் கழற்றினால் பழைய டைமிங் ஓரளவு காப்பாற்றப்படும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளட்டும். உடம்பில் பக்கவாட்டில், அதைத் தயாரித்த லூகாஸ் கம்பெனியின் எண் பொறித்திருக்கும். உங்கள் வண்டியோடு பிறந்ததென்றால் 40897 என்று இருக்க வேண்டும், மாடல் 25டி4. பக்கத்திலேயே இன்னொரு சிறிய எண்ணும் இருக்கும். அது தயாரான வாரமும் வருடமும். அதில் 64 என்றோ 63 என்றோ பார்த்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், சந்தோஷப்படுவேன்.

உடம்பை மண்ணெண்ணெயில் கழுவினால் போதும். மணல் அடித்துப் பளபளப்பாக்க வேண்டாம். ஒரு துகள் உள்ளே நின்றாலும் புது புஷ்ஷைத் தின்றுவிடும்.

தண்டை உருவ, கீழே எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கின் சிறிய பின்னைத் தட்டி எடுக்க வேண்டும். இங்கே நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். அந்தக் கப்ளிங்கின் நாக்கு நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினில் ஒரே விதமாகத்தான் உட்கார வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் பின்னை எடுத்துவிட்டால் கப்ளிங்கைத் தண்டில் இரண்டு விதமாக மாட்ட முடியும். மாற்றி மாட்டினால் ரோட்டர் நேர் எதிரே பார்க்கும், 180 டிகிரி தள்ளி. 1976-ல் நான் கை பழகிக்கொண்டிருந்தபோது ஒரு எம்.ஜி.ஏ.வுக்கு இதைச் செய்துவிட்டேன். இரண்டு நாள் கார்புரேட்டரைக் கழற்றினேன், வால்வைப் பார்த்தேன், காயிலை மாற்றினேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வந்து கேப்பைத் திறந்து, ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து பின்னைத் தட்டும் முன், ரோட்டரின் பள்ளம் எந்தப் பக்கம், நாக்கு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று இரண்டு புள்ளி குத்தாமல் நான் தொடுவதில்லை. உங்கள் பையனும் குத்தட்டும்.

அடுத்தது புஷ். இதில்தான் நம் ஊரில் அதிகத் தவறு நடக்கிறது. 25டி4-க்குள் இருப்பது சாதாரண பித்தளைப் புஷ் இல்லை. உலோகத் தூளை அழுத்திச் சுட்ட புஷ். பார்க்கக் கெட்டி, ஆனால் உள்ளே கடற்பஞ்சு மாதிரி நுண்ணிய துளைகள். அந்தத் துளைகளில் எண்ணெய் தங்கி, தண்டு சூடாகும்போது கசிந்து நனைக்கும். ஆகவே புதுப் புஷ்ஷை மாட்டும் முன் என்ஜின் ஆயிலில் 24 மணி நேரம் முழுக்க ஊறப்போட வேண்டும். அவசரமென்றால் ஆயிலை 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அதில் 2 மணி நேரம் வைத்து, ஆயிலிலேயே ஆற விட்டு எடுக்கலாம். நான் அவசரப்படுவதில்லை. பழைய ஊறுகாய் பாட்டில் ஒன்று இதற்கென்றே வைத்திருக்கிறேன். மாலையில் போட்டால் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும், மறுநாள் மாலை குமிழ் நின்றிருக்கும். புஷ் தன் நிறத்தில் ஒரு படி கறுத்திருக்கும். அப்போதுதான் எடுப்பேன்.

மாட்டிய பிறகு தண்டு கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். லேத்காரர் ரீமர் போட்டு உள்ளே கடைந்து கொடுப்பார். தண்டு வழுவழுவென்று சுற்றும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ரீமர் அந்தத் துளைகளின் வாயை எல்லாம் தேய்த்து மூடிவிடும். அப்புறம் புஷ்ஷில் எண்ணெய் இருந்தும் பயனில்லை. ஒரு தேவகோட்டை வண்டிக்கு நானே ஒரு பட்டறையை நம்பிக் கொடுத்து, சொல்லாமல் கடைந்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் தண்டும் சேர்ந்து தேய்ந்து வந்தது. புஷ் போய்விட்டால் இன்னொன்று வாங்கலாம், தண்டு போனால் எங்கே தேடுவது? ஆகவே பட்டறைக்காரரிடம் நேரில் நின்று சொல்லுங்கள்: அழுத்தி மாட்டுவது மட்டும்தான், கடையக் கூடாது. இறுக்கமாக இருந்தால் தண்டை ஆயில் தடவிப் போட்டு, ஒரு சின்ன மரச் சுத்தியால் உடம்பில் மெதுவாகத் தட்டினால் அநேகமாக இளகிவிடும். அப்புறம் கையாலேயே பத்து நிமிஷம் சுற்ற வேண்டும்.

இப்போது வெயிட்டும் ஸ்பிரிங்கும். இரண்டு ஸ்பிரிங் இருக்கும், ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. தடித்தது சும்மா இருக்கும்போது கொஞ்சம் தொளதொளவென்று தொங்கும். பார்க்கிறவர்களுக்கு ஸ்பிரிங் இழுபட்டுவிட்டது என்று தோன்றும், குறட்டால் அதன் முனை வளையத்தை நெருக்கி இறுக்கிவிடுவார்கள். செய்யவே கூடாது. அந்தத் தொய்வு வேண்டுமென்றே வைத்தது. குறைந்த வேகத்தில் மெல்லிய ஸ்பிரிங் மட்டும் வேலை செய்து டைமிங் வேகமாக முன்னேறும். ஒரு அளவுக்கு மேல் தடித்த ஸ்பிரிங் இழுவைக்கு வந்ததும் முன்னேற்றம் மெதுவாகும். இந்த இரண்டு நடைதான் அந்த எஞ்சினின் குணம். மாற்று ஸ்பிரிங் தேடும்போது நீளம் ஒத்துப்போகிறதென்று எதையாவது மாட்டாதீர்கள். உங்களுடையது உடையாமல் இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி அதையே மாட்டுங்கள். இருபது வருடம் ஓடாமல் கிடந்த ஸ்பிரிங், ஓடிக் களைத்த ஸ்பிரிங்கைவிட நல்லது.

வெயிட்டுக்குக் கீழே இருக்கும் தகட்டில் ஒரு எண் பொறித்திருக்கும். அது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் (எஞ்சினின் முக்கியத் தண்டின்) பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது, ஆகவே கிராங்கில் அதை இரண்டால் பெருக்க வேண்டும். 10 என்றால் 20 டிகிரி. இந்தப் பாதிக் கணக்கை மறந்துவிட்டுத்தான் பலர் குழம்புகிறார்கள்.

பாயிண்ட் உட்காரும் தகடு இரண்டு அடுக்கு. கீழே இருப்பது அசையாது. மேலே இருப்பது வேக்குவம் (எஞ்சினின் உறிஞ்சல்) இழுக்கும்போது திரும்பும். இரண்டுக்கும் நடுவே துணி சுற்றிய ஒரு சின்ன எர்த் ஒயர் ஓடும், ஒரு அங்குலம்கூட இருக்காது. அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். மேலே துணி நன்றாக இருக்கும், உள்ளே கம்பி இழை இழையாக அறுந்திருக்கும். பள்ளத்தூரில் ஒரு ஹெரால்டு கார் வந்தது. சும்மா நிற்கும்போது தேன் மாதிரி ஓடும், மெதுவாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மிஸ் அடிக்கும், முழுக்க மிதித்தால் மறுபடி நன்றாக இருக்கும். ஒரு வாரம் அந்தக் குடும்பத்தார் பெட்ரோலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி மிதியில்தான் வேக்குவம் தகட்டை அதிகம் திருப்பும், அப்போது அறுந்த இழைகள் விலகி எர்த் போய்விடுகிறது. புதிதாக ஒரு ஒயரை ஈயம் வைத்தேன், முடிந்தது. உங்கள் வண்டியில் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். மெல்லிய இழைகள் நிறைந்த, நன்றாக வளையும் ஒயராகப் பார்த்துப் போடுங்கள்.

வேக்குவம் யூனிட்டின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். தகடு திரும்பி அப்படியே நிற்க வேண்டும். மெல்ல நழுவித் திரும்பினால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு (டயஃப்ரம்) கிழிந்திருக்கிறது. அது மாற்ற வேண்டியதுதான், ஒட்டுப்போட முடியாது.

கேப்பின் நடுவில் கரித்துண்டு ஒன்று ஸ்பிரிங்கில் உள்ளே போய் வெளியே வர வேண்டும். உள்சுவரில் பென்சிலால் கீறியது போலக் கறுப்புக் கோடு தெரிந்தால் கேப்பைத் தூக்கிப் போடுங்கள், பொறி அந்த வழியே திருடு போகிறது. ரோட்டர் விஷயத்தில் எச்சரிக்கை: இப்போது கடைகளில் வரும் சிலவற்றில் பித்தளைத் தகட்டை ரிவிட் அடித்திருக்கிறார்கள். அந்த ரிவிட் வழியாகவே பொறி உள்ளே தண்டுக்கு இறங்கிவிடுகிறது. ரிவிட் இல்லாமல் வார்த்ததாகக் கேட்டு வாங்குங்கள். பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரும் அப்படித்தான். புதுசு என்பதால் நம்ப முடியாது. பழைய கண்டென்சர் வேலை செய்துகொண்டிருந்தால் அதைக் கழற்றிக் காரிலேயே பத்திரமாக வையுங்கள். சாலையில் நின்றால் அதுதான் வீடு சேர்க்கும்.

சரி, இனி சேர்க்கலாம். தண்டின் மேல், ரோட்டருக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றாமல் அதன் தலைமேல் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட வேண்டும். அந்த ஸ்க்ரூவைச் சுற்றி எண்ணெய் இறங்க வழி வைத்தே செய்திருக்கிறார்கள். கேமில், அதாவது பாயிண்டைத் திறக்கும் நாலு முனைப் பகுதியில், பாயிண்டின் குதிகால் உரசும் இடத்தில் கடுகளவு கிரீஸ். கடுகளவுதான், கூடினால் தெறித்துப் பாயிண்டில் போய் எரியும். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. குதிகால் கேமின் உச்சியில் நிற்கும்போது அளக்க வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை அளக்கும் ட்வெல் மீட்டர் இருந்தால் 60 டிகிரி, மூன்று முன்னே பின்னே. சும்மா ஓடும்போதும் 2000 சுற்றிலும் அந்த எண் மூன்று டிகிரிக்கு மேல் மாறினால், புஷ் வேலை சரியில்லை, திரும்பக் கழற்றுங்கள்.

இடைவெளி முதலில், டைமிங் அப்புறம். மாற்றிச் செய்தால் இரண்டு வேலையும் வீண். இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் முன்கூட்டித் திறக்கும், டைமிங் முன்னே போகும். குறைத்தால் பின்னே வரும். அதனால்தான் குதிகால் தேயத்தேய வண்டி மந்தமாகிறது.

டைமிங்குக்கு முதலில் எஞ்சினை நிறுத்தி வைத்தே பார்க்க வேண்டும். 1 நம்பர் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம். எல்லா ப்ளக்கையும் கழற்றி, 1-ன் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, டாப் கியரில் காரை மெல்ல முன்னால் தள்ளச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது கம்ப்ரஷன் வருகிறது. உங்கள் வருட மாடலில் டைமிங் முள்கள் எஞ்சினின் முன்பக்கக் கப்பிக்கு அடியில் இருக்கும், வண்டிக்குக் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். நீளமான முள் மேல்நிலை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்), மற்ற இரண்டும் 5, 10 டிகிரி. கப்பியிலுள்ள வெட்டு 10-ல் வந்து நிற்கட்டும். தாண்டிவிட்டால் பின்னால் தள்ளிச் சரிசெய்யாதீர்கள், செயினில் தொய்வு இருக்கும். இன்னும் இரண்டு சுற்று முன்னாலேயே கொண்டுவாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் பக்கம் இருக்கும் திருகு நட்டை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை டிஸ்ட்ரிபியூட்டரின் மெல்லிய ஒயர் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே மாட்டி, இக்னிஷனைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு அணையும், திறந்தால் எரியும். இப்போதுதான் அந்த இறுக்கு போல்ட்டைத் தளர்த்த வேண்டும். உடம்பைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பிப் பல்பை அணைத்து, அப்புறம் கடிகாரத் திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பல்பு எரியும் அந்த நொடியில் நிறுத்தி இறுக்குங்கள். ரோட்டர் அப்போது 1-ன் ஒயரைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 1, 3, 4, 2.

அடுத்தது லைட். நம் ஊர் வெயிலில் பகலில் டைமிங் லைட் தெரியாது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சி, உங்கள் வீட்டில் வெற்றிலைப் பெட்டி இருக்குமே, அதிலிருந்து விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்துக் கப்பி வெட்டில் தடவுங்கள். நான் வாங்கிப் பார்த்த எந்தப் பெயிண்ட்டும் அதைப்போல நிற்கவில்லை. வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, எஞ்சின் 600 சுற்றில் ஓட வேண்டும். அப்போது 14 டிகிரி காட்டும். 10 வைத்தோமே, 14 காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். அந்த வேகத்திலேயே வெயிட் கொஞ்சம் விரிந்திருக்கிறது, இரண்டு எண்ணும் ஒன்றேதான்.

முள் 10-க்கு மேல் இல்லையே, 14-ஐ எப்படிப் பார்ப்பது? தையல் டேப்பால் கப்பியின் சுற்றளவை அளந்து 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மி.மீ. என்று வந்துவிடும். பேச்சுக்கு 400 மி.மீ. என்றால் டிகிரிக்கு 1.1. வெட்டிலிருந்து எஞ்சின் சுற்றும் திசையில் முன்னால் அளந்து 14-க்கு ஒரு கோடு, 32-க்கு ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு நீள முள்ளுக்கு நேராக வந்தால் அத்தனை டிகிரி. 32 எதற்கென்றால், வேக்குவம் இல்லாமல் எஞ்சினை மெல்ல முடுக்கிக்கொண்டே போனால் கோடு முன்னேறி, ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். பி-சீரிஸுக்கு அது 32-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே வெயிட்டோ ஸ்பிரிங்கோ சரியில்லை. வேட்டி, துண்டு, தலைப்பு எதுவும் ஃபேன் பக்கம் வரக் கூடாது. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

புத்தகத்தில் உள்ள 10 டிகிரி, 98 ஆக்டேன் பெட்ரோலை நினைத்து எழுதியது. நம் பங்கில் சாதாரணமாகக் கிடைப்பது அதற்குக் கீழேதான். ஆகவே கடைசி முடிவைக் காதுதான் எடுக்க வேண்டும். நம் பக்கம் மேடு கிடையாது, எஞ்சினுக்குப் பாரம் கொடுக்க ஒரு வழி செய்ய வேண்டும். நன்றாகச் சூடான பிறகு திருமயம் சாலையில் கூட்டமில்லாத காலை நேரத்தில், டாப் கியரில் 30 மைல் வேகத்திலிருந்து முழுக்க மிதியுங்கள். சில்லறைக் காசு டப்பாவில் குலுங்குவது போலச் சத்தம் கேட்டால் நாக்கிங். திருகு நட்டை ஆர் என்று எழுதிய பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். அந்த நட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அளவுக்கோடு ஒன்று நகர்ந்தால் கிட்டத்தட்ட 5 டிகிரி, ஆகவே பாதிக் கோட்டிலிருந்து பாருங்கள். சத்தம் நின்ற இடம்தான் உங்கள் வண்டியின் டைமிங். அதை ஒரு தாளில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் பார்த்தேன். வாங்கலாமா?
– ஒரு வாசகர், கோட்டையூர்

பதில்: அந்தத் தெருவில் எனக்கும் இரண்டு நல்ல உடம்புகள் கிடைத்திருக்கின்றன. மேலே சொன்ன விரல் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். தண்டு ஆடினாலும் வாங்கலாம், புஷ் மாற்றிக்கொள்ளலாம். உடம்பில் விரிசல் இருந்தால் வேண்டாம். கேமின் நாலு முனையிலும் நகத்தால் தடவுங்கள், பள்ளம் தட்டினால் வேண்டாம். பித்தளை பாலிஷ் போட்டு மின்ன வைத்திருந்தால் எண் அழிந்திருக்கும், அதற்கு விலை குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் போட்டால் இந்தத் தொல்லையெல்லாம் தீருமே அண்ணே?
– ஒரு மாணவர், புதுக்கோட்டை

பதில்: பாதி தீரும் தம்பி. பாயிண்ட் தேயாது, இடைவெளி மாறாது. ஆனால் ஆடுகிற தண்டும் ஒட்டிக்கொண்ட வெயிட்டும் அப்படியேதான் இருக்கும். முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சரிசெய்யுங்கள், அப்புறம் கிட் போடுவது உங்கள் விருப்பம். போடும் முன் பேட்டரியைப் பாருங்கள். 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பாசிட்டிவ்தான் எர்த். சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும், யாராவது நடுவில் மாற்றியிருக்கவும் கூடும். நெகட்டிவ் எர்த் கிட்டைத் தெரியாமல் மாட்டினால் சாவியைத் திருப்பியதும் கருகிவிடும். பழைய பாயிண்ட் தகட்டை வெட்டாமல் முழுசாக எடுத்து டேஷ்போர்டு அறையில் வையுங்கள்.

கேள்வி: ஐப்பசி மழையில் எங்கள் பெட்ரோல் அம்பாசிடர் காலையில் ஸ்டார்ட் ஆவதே இல்லை. வெயில் வந்தால் ஆகிறது.
– ஒரு வாசகர், ஆத்தங்குடி

பதில்: கேப்புக்குள் ஈரம் கோத்துக்கொள்கிறது. கழற்றி அடுப்படியில் பத்து நிமிஷம் இளஞ்சூட்டில் வைத்து, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். ஆகிவிட்டதென்றால் காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரையும், கேப்பில் அது நுழையும் இடத்து ரப்பரையும் மாற்றுங்கள். ரப்பர் வெடித்திருக்கும்.